எழுத்தைக் கசக்காதவர்

ஊரில் பாதிக் கடைகளுக்குப் போர்டு செய்து கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அவர் கடைக்கு இப்போது போர்டு கிடையாது. ஷட்டருக்கு மேலே வெறும் இரும்புச் சட்டம்தான் நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் பக்கத்து மருந்துக் கடையில் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். "போர்டுக் கடைக்கே போர்டு இல்லையா அண்ணே?" என்று சிரிக்கிறார்கள். அவர் என்ன வேலை, எத்தனை அடி என்று கேட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். கஷ்டம் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. வெட்கம். அவருக்கும் வெட்கம், அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு எனக்கும் வெட்கம்.

கடைவீதியில் அவரைத் தடியன் என்றுதான் சொல்வார்கள். ஆளைப் பார்த்ததில்லை என்றால் நம்பிவிடுவீர்கள். பார்த்தால் சிரித்துவிடுவீர்கள், பலத்த காற்று அடித்தால் நான் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. அந்தப் பெயர் ஆளுக்கு வைத்ததல்ல, ஆள் வரைந்த எழுத்துக்கு வைத்தது. தடிமனான எழுத்து, நல்ல அகலம், வலது பக்கமாகச் சாய்ந்து நிற்கும். ஓரங்களில் குஞ்சம் கிடையாது, நெளிவு கிடையாது, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே கனம். தூரத்திலிருந்து பார்த்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற குண்டு மனிதர் மாதிரி இருக்கும். அதில் தள்ளுபடி என்று எழுதி வைத்தால், வாங்க ஒன்றும் இல்லாதவர்களுக்கும் கால் தானாகக் கடைக்குள் திரும்பும். டயர் கடை, உடற்பயிற்சிக் கூடம், பார்சல் வண்டி, எல்லாவற்றுக்கும் அதுதான். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கும் அதிலேயே போர்டு செய்து தருகிறேன் என்று ஒரு மாதிரி கொண்டு வந்தார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நானே குறடோட நோயாளியைத் துரத்திக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கே" என்றார். வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த எழுத்துக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற சாதாரண எழுத்தைப் பிடித்து இழுத்து, உப்ப வைத்து, சாய்த்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். தமிழுக்கு அது ஆகாது. நம் எழுத்தில் சுழி அதிகம். தடிமனைக் கூட்டினால் முதலில் செத்துப்போவது சுழிதான். ண வுக்கு மூக்கு அடைத்துவிடும், ழ வுக்கு வால் சிக்கிக்கொள்ளும். இவர் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எடுத்து, சுழிக்குள் மூச்சு விட இடம் வைத்து, எங்கே கனத்தைக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது என்று பார்த்துப் பார்த்து வரைந்தார். தட்டில் சாப்பாடு ஆறிக் கிடக்கும். இவர் ஞ வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

சுழி அடைத்திருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அவருடைய அக்கா. முறைப்படி எனக்கு நாத்தனார். நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால், நாத்தனார் என்றால் என்னென்ன செய்வார்கள் என்று தோழிகள் என்னைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். வரிந்துகட்டிக்கொண்டு வந்த எனக்குச் சண்டை போட ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. அக்கா அடுத்த தெருவில் தன் கணவரோடு குடியிருந்தார். காலையில் கடைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்குள் தலையை நீட்டி, "கிளம்பிட்டானா, இல்ல இன்னும் கண்ணாடி முன்னாடியா?" என்று கேட்பார். அவ்வளவுதான் அவருடைய நாத்தனார்த்தனம்.

தொழிலுக்கு முதலில் வந்ததே அக்காதான். ஸ்டிக்கர் தாளில் மெஷின் எழுத்தின் ஓரத்தைக் கீறிக் கொடுக்கும். எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை ஊசி முனையால் கிளப்பி உரித்தெடுக்க வேண்டும், சுழிக்குள் இருக்கிற துணுக்கைக்கூட விடாமல். பிறகு ஏணியில் ஏறி, காற்றுக் குமிழி வராமல் தேய்த்து ஒட்ட வேண்டும். அந்தக் கை அக்காவுக்கு வாய்த்திருந்தது. தம்பி கம்ப்யூட்டரில் வரையப் பழகியதும் இரண்டு பேரும் சேர்ந்து கடை போட்டார்கள். முதலும் இரண்டு பேருடையது, உழைப்பும் இரண்டு பேருடையது. பெயரும் அப்படியே வைத்தார்கள்: அக்கா தம்பி ஸ்டிக்கர்ஸ். "டேய், இந்த ணவுக்குள்ள ஊசி நுழையல, இன்னும் கொஞ்சம் தொறந்து விடு" என்று அக்கா உரிக்கும் மேசையிலிருந்து குரல் கொடுப்பார். இவர் முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிடுவார். தடியன் எழுத்து அப்படித்தான் உருவானது.

ஒரு தடவை ரொட்டி வண்டி ஒன்றுக்கு இரண்டு பக்கமும் எழுத்து ஒட்டினார்கள். வண்டியின் வலது பக்கத்தில் எழுத்து வண்டியோடு சேர்ந்து முன்னால் ஓடியது. இடது பக்கத்தில் அதே எழுத்து வண்டியின் வாலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது, எதையோ மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற மாதிரி. ஒட்டி முடித்து இறங்கிய அக்காதான் முதலில் கவனித்தார். ஒரு பக்கத்தை அப்படியே பிய்த்துப் போட்டார்கள். இவர் உட்கார்ந்து இடது பக்கம் சாயும் எழுத்தைத் தனியாக வரைந்தார், அக்கா மறுபடி உரித்து ஒட்டினார். ரொட்டிக்காரர் அப்படி ஒன்று இருப்பதையே கவனித்திருக்க மாட்டார். அப்படியே விட்டிருந்தால் இவர்கள் இரண்டு பேருக்கும் தூக்கம் வந்திருக்காதாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அக்காவும் தம்பியும் ரோட்டோரத்தில் நின்று அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சிரித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. எழுத்தைக் கசக்கக் கூடாது. அகலமான எழுத்து நிறைய இடம் கேட்கும். சொல் நீளமாக இருந்தால் மற்ற கடைக்காரர்கள் மௌஸால் ஓரத்தைப் பிடித்து எழுத்தை ஒடுக்கிவிடுவார்கள். அதைப் பார்த்தால் இவருக்கு உடம்பெல்லாம் எரியும். "எழுத்து என்ன துணியா, பிழிஞ்சு காயப்போட? சொல்லைக் குறைங்க, எழுத்தைக் கசக்காதீங்க" என்று வாடிக்கையாளரிடமே சண்டைக்குப் போவார். தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் 'சுத்திகரிக்கப்பட்ட குடிநீர் விநியோகம்' என்று எழுதச் சொல்லி வந்தார். இவர் 'குடிநீர்' என்று மட்டும் போட்டுக் கொடுத்தார்.

"சுத்திகரிச்சதுன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"அழுக்குத் தண்ணியை யாராவது போர்டு போட்டு விப்பாங்களா?" என்றார் இவர்.

லாரிக்காரர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இப்படி ஊரிலுள்ள எத்தனையோ கடைகளின் வாலை இவர் வெட்டியிருக்கிறார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வெட்டிய பிறகு பார்த்தால் போர்டு எடுப்பாகத்தான் இருந்தது. அந்தப் பழக்கம்தான் கடைசியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

எழுத்து முழுவதும் தயாரானதும் தன் கடைக்கே அதில் ஒரு போர்டு வைக்க ஆசைப்பட்டார். நியாயமான ஆசைதான். எழுத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கடையே மாதிரியாக இருக்கட்டும் என்றார். ஆனால் போர்டு மாட்டும் சட்டத்தின் அகலம் ஷட்டரின் அகலம்தான். ஒரு பக்கம் மருந்துக் கடையின் போர்டு, இன்னொரு பக்கம் மின்கம்பம். 'அக்கா தம்பி ஸ்டிக்கர்ஸ்' தடியன் எழுத்தில் அதற்குள் அடங்கவில்லை. உயரத்தைக் குறைத்தால் அடங்கும். இரண்டு வரியாகப் போட்டாலும் அடங்கும். ஆனால் எழுத்து சின்னதாகிவிடும், சின்னதானால் அது ஓடாது, தவழும் என்பார். ஆகவே ஊருக்குச் சொன்னதைத் தனக்கும் செய்துகொண்டார். சொல்லைக் குறைத்தார். போர்டில் வந்தது 'தம்பி ஸ்டிக்கர்ஸ்'.

அந்த எழுத்துகளை உரித்தது அக்கா. ஏணியில் ஏறி, ஒரு குமிழி இல்லாமல் தேய்த்து ஒட்டியதும் அக்கா.

சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து வந்து நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு போட்டிருந்தார்கள். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து, அழகில் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏங்க, அக்காவை எங்க காணோம்?"

"இடம் பத்தல" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே. "அக்காதானே. ஒன்னும் நினைக்க மாட்டா. அவதானே ஒட்டுனா."

அக்காவே ஒட்டினார் என்றால் அவருக்குச் சம்மதம்தான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அதற்கு மேல் குடையவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அதன் பிறகு கடை கொடி கட்டிப் பறந்தது. அந்த எழுத்தைக் கேட்டு வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு அக்காவைத் தெரியும். புதியவர்களுக்குப் போர்டுதான் தெரியும். உள்ளே வந்ததும், "தம்பி இல்லையாம்மா?" என்று அக்காவிடம் கேட்பார்கள். இவர் இல்லையென்றால், அப்புறம் வருகிறோம் என்று திரும்பிவிடுவார்கள். "நீங்க இங்க எத்தனை வருஷமா வேலைக்கு இருக்கீங்க?" என்று ஒரு பெண்மணி அன்பாக விசாரித்தாராம். ஒரு நாள் உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் ஒருவர், அக்கா கண்ணாடிக் கதவில் எழுத்து ஒட்டி முடித்து ஏணியை மடக்கியதும், "டீ சாப்பிடும்மா" என்று கையில் ஒரு நோட்டைத் திணித்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அக்கா அந்த நோட்டை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு மேசை மேல் வைத்தார். இவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

சில மாதங்களில் அக்கா முழங்கால் வலி என்று சொல்லிக் கடைக்கு வருவதைக் குறைத்தார். அப்புறம் நின்றே விட்டார். "ஏணி ஏறி ஏறித் தேஞ்சு போச்சு. கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்" என்று இவர் எல்லாரிடமும் சொன்னார். மருந்துக் கடையில் தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பினார். உரிக்கிற வேலைக்கு ஒருவரை வைத்தார், அவர் ண வின் சுழியை எழுத்தோடு சேர்த்தே பிய்த்தார். அக்கா எங்கள் வீட்டுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. எனக்குத் தலைவலி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் அழுத்தித் தேய்த்துவிட்டார். முழங்காலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். நானும் மண்டு மாதிரி நம்பினேன்.

போன வருஷம் போர்டு, ஸ்டிக்கர் தொழில் செய்பவர்கள் சங்கத்தின் கூட்டம் நடந்தது. தடியன் எழுத்தை வரைந்தவர் வந்து பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. மேடைப் பேச்சு என்றால் தொடை நடுங்குகிற மனிதர், ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினார். நானும் பெட்டியிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். அரங்கம் நிறைய ஆட்கள். எல்லாருடைய நகத்தடியிலும் பெயிண்டோ பசையோ இருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. சுழியைப் பற்றிச் சொன்னார், ரொட்டி வண்டியைப் பற்றிச் சொன்னார், கை தட்டினார்கள். கை தட்டல் கேட்டதும் மனிதருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "எழுத்தைக் கசக்காதீங்க! சொல்லைக் குறைங்க!" என்று குரலை உயர்த்தினார். "ஊருக்குத்தான் உபதேசம்னு நினைக்காதீங்க. என் கடைக்கே நான் அதைத்தான் செஞ்சேன். பாருங்க."

திரையில் இரண்டு படம் வந்தது. முதலில் பழைய போர்டு: ஒல்லி எழுத்தில் அக்கா தம்பி ஸ்டிக்கர்ஸ். அடுத்தது புதிய போர்டு: தம்பி ஸ்டிக்கர்ஸ். சுவர் அகலத்துக்கு, அத்தனை பெரிதாக.

கை தட்டல் வரவில்லை. நடு வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்து நிற்காமலே கேட்டார்.

"எழுத்து நல்லா இருக்குப்பா. அக்கா எங்க போனாங்க?"

அரங்கமே சிரித்தது. கேலிச் சிரிப்புகூட இல்லை, தொழில்காரர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்கிற சிரிப்புதான். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காலத்தில் எழுத்து உரித்துக் கொடுத்தவர் அக்கா. இவரும் அசடு வழியச் சிரித்து, "அக்காவுக்கு முழங்கால் வலி. வீட்டுல ஓய்வுல இருக்காங்க" என்றார்.

"இல்லையே அண்ணே" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல். கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் கடைக்காரர். ஒளிவுமறைவு தெரியாத மனிதர். "அவங்க நம்ம கடையிலதானே வேலைக்கு வர்றாங்க. அஞ்சாறு மாசமாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவர் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார், அது ஒலிபெருக்கியில் கரகரவென்று கேட்டது. பின்னால் திரையில் அவருடைய எழுத்து அகலமாக, தடிமனாக, முன்னால் பாய்ந்துகொண்டிருந்தது. படத்தை மாற்றுங்கள் என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்குப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மானம் கப்பலேறியது என்று எத்தனையோ தடவை பேச்சுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் தெருவுக்குத் தெரு அவருடைய எழுத்து எதிரில் வந்தது, டயர், தள்ளுபடி, குடிநீர் என்று. அவர் தரையைப் பார்த்தே நடந்தார்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஃபிலிம் கடைக்குப் போனோம். நீளமான மேசை, சுவரோரம் சுருள் சுருளாக ஃபிலிம். அக்கா ஏதோ அலுவலகக் கதவுக்காகப் பால் நிற ஃபிலிமில் எழுத்து உரித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பின்பக்கம் வேலை இருக்கிறது என்று மரியாதையாக நகர்ந்துவிட்டார்.

"வாம்மா, உக்காரு" என்று அக்கா எனக்கு ஸ்டூலைத் தள்ளினார். இவர் நின்றார்.

"முழங்கால் எப்படிக்கா இருக்கு?" என்று இவர் கேட்டார். எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இங்க ஏணி வேலை கம்மி. பரவாயில்ல" என்றார் அக்கா. ஊசி முனையால் ஒரு துணுக்கைத் தூக்கி விரலில் ஒட்டிக்கொண்டார். "நேத்து ரொம்பச் சிரிச்சுட்டாங்களாமே. முதலாளி வந்து சொன்னாரு. எனக்கு மனசே கேக்கலடா. அத்தனை பேர் முன்னாடி எப்படித்தான் நின்னியோ."

கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் தாங்கியிருப்போம். அவர் தம்பிக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று அக்காவே தொடர்ந்தார். "எழுத்து எழுத்துன்னு அலைஞ்சதுல நீ மறந்துட்டேன்னுதான் முதல்ல நினைச்சேன். ஞாபகம் வந்தா நீயே போடுவேன்னு பாத்தேன். வரல. அப்புறம்..." என் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்காதேம்மா. அப்புறம் நீதான் எடுக்கச் சொல்லியிருப்பேன்னு நினைச்சுட்டேன். சொன்னாலும் தப்பில்ல. உனக்குன்னு ஒரு குடும்பம் இருக்கு. எத்தனை நாளைக்கு நாத்தனாரைப் போர்டுல தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பே?"

அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை, நான்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேதான் என் நெற்றியைத் தேய்த்துவிட்டிருக்கிறார்.

அந்த இடத்தில் இவர், ஆமாக்கா, மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அக்கா வழியை அகலமாகத் திறந்து வைத்திருந்தார், நுழைந்து தப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்கே மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அவருக்கு என் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்த ஒன்றுக்காக நான் அவரை மெச்சத்தான் வேண்டும்.

"இவ ஒன்னும் சொல்லலக்கா" என்றார். "நான் மறக்கவும் இல்ல. வெச்சுப் பாத்தேன். இடம் பத்தல."

அக்காவின் கை நின்றது. "வெச்சுப் பாத்தியா?"

"ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தேன், மின்கம்பத்துல இடிச்சுது. அக்கா ஸ்டிக்கர்ஸ்னு மட்டும் போட்டும் பாத்தேன். அதுவும் ஓரத்தைத் தாண்டுது. அ ரொம்ப அகலம்..." இரண்டு கையாலும் அந்த அகலத்தைக் காற்றில் காட்டத் தொடங்கினார். பாதியில் கைகளை இறக்கிக்கொண்டார்.

"எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கியிருந்தா?"

இவர் சுவரோரத்துச் சுருள்களைப் பார்த்தார்.

"அதுக்கு மனசு வரல. இல்ல?"

"ஆமாக்கா."

"என்னை எடுக்க வந்துச்சு."

அக்கா கத்தவில்லை. கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை. ஊசியை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைப் போய்த் தப்பா நினைச்சுட்டேனேம்மா, மன்னிச்சுக்கோ" என்றார். செய்தவர் அங்கே நின்றுகொண்டிருக்க, மன்னிப்பு என்னிடம் கேட்கப்பட்டது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்டுத் திருத்தவும் இல்லையே. நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

இவர் அழுதுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்புதான்க்கா" என்றார். "வந்துடு. நம்ம கடைக்கு வந்துடு. நீ இல்லாம அங்க எனக்கு உக்கார முடியல. இன்னிக்கே அந்தப் போர்டைக் கழட்டிடறேன். புதுசுல உன்னை முதல்ல போடறேன்."

அக்கா அவரையே பார்த்தார். அந்த முகம் இளகுவதை நான் கண்ணால் பார்த்தேன். வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"இடம் இருக்காடா?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். இருக்குக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் இவரும் வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் கண் மேலே போய்விட்டது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சட்டத்தின் அகலத்தை மனதுக்குள் நிறுத்தி, அ, க், கா என்று ஒவ்வொன்றாக அதில் அடுக்கி, நடுவில் எவ்வளவு விட வேண்டும் என்று பார்க்கிற பார்வை. உதடுகூட லேசாக அசைந்தது. ஒரு நொடிதான். சட்டென்று உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டார். முகம் செத்துப்போயிருந்தது.

அக்காவும் பார்த்துவிட்டார். அந்தப் பார்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் எழுத்து உரித்தவர்தானே.

"அளந்துட்டு வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டு, ஊசியை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார்.